வீட்டில் வெல்டிங்: ஒட்டு ஏன் விட்டுப் போகிறது?

தீபாவளி நெருங்கும் வேளையில் பீடோங், சுங்கை லாலாங், செமிலிங் வட்டாரத்துத் தாமான்களில் மாலை நேரமானால் கிரைண்டர் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் கேட்டின் கீல் கழன்றிருக்கும். இன்னொரு வீட்டில் பூச்செடித் தாங்கிக்குக் கால் ஒடிந்திருக்கும். மற்றொரு வீட்டில் மோட்டார் சைக்கிள் நிறுத்த முன்கூரை போடும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

முன்பெல்லாம் இத்தகைய வேலைக்குப் பட்டறைக்காரரைத்தான் அழைக்க வேண்டும். இன்று நிலைமை மாறிவிட்டது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரம் சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்த தந்தையின் கைப்பழக்கம் மகனுக்கும் இருக்கும். வேலை முடிந்து வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டு வேலையைத் தானே செய்துகொள்வது நல்ல பழக்கம்தான். பணமும் மிச்சம், மனத்துக்கும் நிறைவு.

ஆனால் ஆறு மாதம் கழித்து அதே கீல் மறுபடியும் கழன்று நிற்கிறதே, அது ஏன்? பழைய ஒட்டின் மேலேயே இன்னும் இரண்டு குச்சியை எரித்துப் பூசிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கேட்டைத் தள்ளி விளையாடுவது வீட்டுக் குழந்தை என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கேட் சாய்ந்து சிறுவர்கள் உயிரிழந்த செய்திகளை இந்நாட்டு நாளிதழ்களில் நாம் படித்ததுண்டு.

வெல்டிங்கில் வரும் குறைகள் ஏழெட்டு வகைதான். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

ஒட்டுவது அல்ல, உருக்குவது

'ஒட்டு' என்ற சொல்லே நம்மைத் திசை திருப்பிவிடுகிறது. பசை இரண்டு காகிதத்துக்கு நடுவே நின்று பிடிப்பது போல, குச்சியின் உலோகம் இரண்டு இரும்புக்கு நடுவே நின்று பிடிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இரண்டு இரும்பின் ஓரங்களும் உருகி, குச்சியின் உலோகத்தோடு கலந்து, ஒரே துண்டாக உறைவதுதான் வெல்டிங். இரும்பு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸில் உருகும். மின் வில்லின் வெப்பமோ 5,000 பாகைக்கும் மேல்.

குச்சியின் மேல் இருக்கும் பூச்சு அலங்காரத்துக்கு அல்ல. உருகிய இரும்பு காற்றைத் தொட்டால் கெட்டுவிடும். பூச்சு எரிந்து வரும் புகை காற்றை விலக்குகிறது. மிச்சம் கசடாகி, குளிரும் ஒட்டின் மேல் போர்வை போல மூடுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆஸ்கார் ஷெல்பெரி உருவாக்கிய இந்தப் பூச்சுக் குச்சிதான் இன்றைய கைவெல்டிங்குக்கு அடிப்படை.

நம் கடைகளில் வீட்டு வேலைக்கென்று பெரும்பாலும் தருவது இ6013 வகைக் குச்சி. இதில் '60' என்பது சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். அடுத்துள்ள '1', எல்லா நிலையிலும் பற்ற வைக்கலாம் என்பதற்கான அடையாளம். கடைசி எண் பூச்சின் வகையைச் சொல்கிறது.

குச்சி இரும்போடு ஒட்டிக்கொள்கிறதா?

புதிதாகத் தொடங்குபவர்களின் முதல் தலைவலி இது. மின்னோட்டம் போதவில்லை என்பதே முதன்மைக் காரணம். பொதுவாக 2 மி.மீ. குச்சிக்கு 40 முதல் 60 ஆம்பியர், 2.6 மி.மீ. குச்சிக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.2 மி.மீ. குச்சிக்கு 90 முதல் 130 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். குச்சிப் பெட்டியின் மேலேயே அளவு அச்சிடப்பட்டிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை.

அளவு சரியாக வைத்தும் ஒட்டிக்கொண்டால் எர்த் கிளிப்பைப் பாருங்கள். பெயிண்ட் மேலோ துரு மேலோ கடித்திருந்தால் மின்சாரம் சரியாக ஓடாது. அடுத்தது எக்ஸ்டென்ஷன் வயர். சமையலறையிலிருந்து வாசல் வரை மெல்லிய வயரை இழுத்து, மிச்சத்தைச் சுருளாகவே விட்டால், மின்னழுத்தம் குறையும், வயரும் கொதிக்கும். சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் செருகிக்கொண்டு 100 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து வேலை செய்வதும் தவறு. பிளக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஊசித் துளைகள்

கசடைத் தட்டி எடுத்ததும் ஒட்டின் மேல் ஆப்பத்தில் இருப்பது போலச் சிறு சிறு துளைகள் தெரிகின்றனவா? உருகிய இரும்புக்குள் வாயு சிக்கிக்கொண்டு, வெளியேற முடியாமல் உறைந்துவிட்டது என்று பொருள். அந்த வாயு எங்கிருந்து வந்தது? துரு, பெயிண்ட், எண்ணெய், ஈரம் ஆகியவற்றிலிருந்துதான். வெக்கைக்காக வைத்த மின்விசிறியின் காற்றும் பாதுகாப்புப் புகையைக் கலைத்துத் துளை உண்டாக்கும்.

நம் நாட்டுப் பருவநிலையில் ஈரம் பெரிய எதிரி. பிரித்த பெட்டியை மழைக்காலத்தில் கொட்டகையில் போட்டுவைத்தால் குச்சியின் பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இறுக மூடும் பிஸ்கட் டின்னில் வைப்பது எளிய வழி. ஈரமேறிய இ6013 குச்சியை 70 முதல் 100 பாகை வெப்பத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் உலர்த்தலாம். 'வலுவான குச்சி' என்று சிலர் தேடி வாங்கும் இ7018 வகைக்கு இது போதாது. ஈரமேறினால் அதை 300 பாகைக்கும் மேல் சூடேற்றி உலர்த்த வேண்டும். அதற்கான அடுப்பு வீட்டில் இராது. ஆகவே வீட்டு வேலைக்கு இ6013 குச்சியே ஏற்றது.

பரிகாரம்: துளை விழுந்த இடத்தின் மேல் பூசுவது பயன் தராது. கிரைண்டரால் நல்ல உலோகம் தெரியும் வரை அராவி எடுத்துவிட்டு, சுற்றிலும் இரண்டு மூன்று செண்டிமீட்டர் பளபளவென்று சுத்தம் செய்து, புதிதாகப் பற்ற வைக்க வேண்டும்.

உள்ளே சிக்கிய கசடு

கசடு என்றதும் பீடோங் மக்களுக்கு ஒரு செய்தி நினைவுக்கு வர வேண்டும். செமிலிங் அருகே, பூஜாங் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சுங்கை பத்துவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடத்தினார்கள். பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்று ஊதப் பயன்பட்ட களிமண் குழல்களும், இரும்புக் கிட்டமும் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. நாம் தட்டிக் கொட்டும் வெல்டிங் கசடும் அந்தக் கிட்டத்தின் உறவுதான். அன்றைய கொல்லர்கள் கிட்டத்தைப் பிரித்தெடுத்த பிறகே அது பயன்படும் இரும்பானது. கிட்டம் கலந்த இரும்பு நிற்காது என்பதைக் கடாரத்து மண் அன்றே அறிந்திருந்தது.

முதல் ஒட்டின் கசடை முழுமையாகத் தட்டாமல் அதன் மேல் இரண்டாவது ஒட்டு போட்டால் கசடு நடுவில் மாட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் ஒட்டு பருமனாகவும் அழகாகவும் இருக்கும். உள்ளே பாதி கண்ணாடி போன்ற கசடு. ஒட்டின் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் அதுதான் அடையாளம். ஒவ்வொரு முறையும் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகே அடுத்த ஒட்டு. வேலை செய்யும்போது கசடு முன்னால் ஓடி வருகிறது என்றால் மின்னோட்டம் குறைவு, அல்லது குச்சியின் சாய்வு சரியில்லை. குச்சியின் மேல்முனை நீங்கள் நகரும் பக்கமாக 15 முதல் 20 பாகை சாய்ந்திருந்தால் வில்லின் வேகம் கசடைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

மேலே அழகு, உள்ளே பிடிப்பில்லை

எல்லாக் குறைகளிலும் ஆபத்தானது இதுதான். ஏனெனில் கண்ணுக்குத் தெரியாது. இரும்பின் ஓரம் உருகாமல், குச்சியின் உலோகம் மட்டும் புழு ஊர்வது போல மேலே உருண்டு கிடக்கும். கீல் கழன்று விழும் பல வீடுகளில் நடப்பது இதுவே. விழுந்த கீலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய இரும்பின் தட்டையான முகம் அப்படியே இருந்தால், அந்த ஒட்டு ஒரு நாளும் பிடித்திருக்கவில்லை என்று பொருள்.

குறைந்த மின்னோட்டம், அதிக வேகம், தடித்த இரும்பும் மெல்லிய இரும்பும் சேரும் இடம் ஆகியவை இதற்குக் காரணங்கள். தடித்த கீலையும் மெல்லிய குழாயையும் சேர்க்கும்போது வில்லைத் தடித்த பக்கமே அதிகம் காட்ட வேண்டும். உருகிய குளம் மெல்லிய பக்கத்தை வந்து தொட்டால் போதும். 5 மி.மீ. அளவிலான தடித்த தகடுகளை முனையோடு முனை சேர்ப்பதானால் ஓரங்களைச் சரிவாக அராவி, சிறிது இடைவெளி விட வேண்டும்.

ஓரத்தில் பள்ளம், நடுவில் ஓட்டை

மேற்சொன்னதற்கு எதிர்மாறான குறைகளும் உண்டு. மின்னோட்டம் அதிகமாகி, வில்லும் நீண்டுவிட்டால், ஒட்டின் இரு ஓரங்களிலும் இரும்பு அரிக்கப்பட்டு வாய்க்கால் போன்ற பள்ளம் விழும். தடித்த தகட்டில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் நம் கேட்களில் பயன்படுவது பெரும்பாலும் மெல்லிய சதுரக் குழாய். 1.6 மி.மீ. குழாயில் அரை மி.மீ. பள்ளம் விழுந்தால் சுவரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்தக் குழாய் பின்னாளில் அதே கோட்டில்தான் ஒடியும்.

வில்லின் நீளம் குச்சியின் தடிமன் அளவுக்கு மேல் போகக் கூடாது. காதுக்கும் இதில் வேலை உண்டு. எண்ணெயில் மீன் பொரியும்போது வருவது போல ஒரே சீரான சத்தம் வந்தால் வில் சரி. விட்டு விட்டு வெடித்து, சுற்றிலும் இரும்பு மணிகள் சிதறினால் வில் நீண்டுவிட்டது.

குழாய் ஓட்டையாகி விடுகிறது என்றால் 2 மி.மீ. குச்சிக்கு மாறுங்கள். ஒரே மூச்சில் இழுக்காமல், ஒரு செண்டிமீட்டர் பற்ற வைத்து, ஆறவிட்டு, அடுத்த செண்டிமீட்டருக்குப் போங்கள். இடைவெளி இல்லாமல் துண்டுகளை அளவாக வெட்டுவது பாதி வேலையை முடித்துவிடும். நேர்மின்னோட்ட இயந்திரமாக இருந்தால் குச்சியை எதிர்முனையில் மாட்டிப் பார்க்கலாம்.

விரிசல்: சிறியது என்று விடக் கூடாது

1980-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, நார்வேயை அடுத்த வடகடலில் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மிதவை மேடை கவிழ்ந்தது. எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தவர்கள் தங்கியிருந்த மேடை அது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். விசாரணை காட்டிய காரணம் உலகையே திகைக்க வைத்தது. மேடையின் தாங்குகுழாய் ஒன்றில், நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பொருத்த ஒரு சிறு வளையத்தைப் பற்ற வைத்திருந்தார்கள். வெறும் 6 மி.மீ. அளவு ஒட்டு. பாரம் தாங்குவதற்கல்ல, கருவி மாட்டுவதற்குத்தான். அந்த ஒட்டில் இருந்த விரிசல் அலைகளின் ஆட்டத்தில் சிறிது சிறிதாக வளர்ந்து, குழாயையே அறுத்துவிட்டது.

'சும்மா ஒரு கொக்கிதானே' என்று முன்கூரையின் தூணில் ஊஞ்சல் வளையத்தைப் பற்ற வைப்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. ஆடும் பாரம், நிற்கும் பாரத்தை விடக் கொடியது.

வீட்டு வேலையில் விரிசல் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது. முதலாவது, ஒட்டின் முடிவில் குச்சியைச் சட்டென்று எடுப்பது. குழி விழுந்து அதன் நடுவே நட்சத்திரம் போல விரிசல் தெரியும். முடிவில் ஒரு நொடி நின்று, சற்றுப் பின்னோக்கி வந்து குழியை நிரப்பி எடுத்தால் இது வராது. இரண்டாவது, பற்ற வைக்கக் கூடாத இரும்பைப் பற்ற வைப்பது. லாரி ஸ்பிரிங் தகடு, பாராங் கத்தி, பழைய இயந்திரத்தின் வார்ப்பிரும்பு ஆகியவற்றில் கரிமம் அதிகம். சாதாரணக் குச்சியால் பற்ற வைத்தால் ஆறும்போதே 'டிக்' என்று பிளக்கும். இவற்றுக்கு முன்சூடும் தனிக் குச்சியும் தேவை. அனுபவமுள்ள பட்டறைக்குக் கொண்டு செல்வதே முறை.

கோணலாகிப் போனால்

எல்லாம் சரியாகச் செய்தும் கேட் சட்டம் கோணிவிடுவதுண்டு. ஒரு மீட்டர் இரும்பு 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.2 மி.மீ. நீளும்; ஆறும்போது சுருங்கும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து பற்ற வைத்தால் சட்டம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். முதலில் நான்கு மூலைகளிலும் சிறு புள்ளிகளாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் சட்டம் சதுரம். பிறகு எதிரெதிர் மூலைகளில் மாறி மாறிப் பற்ற வைக்க வேண்டும்.

ஒடித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்

இத்தனைக்கும் ஒரே சோதனை உண்டு. செலவில்லாதது. வேலைக்கு எடுத்த அதே இரும்பில் இரண்டு சிறு துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைப் படுக்க வைத்து, மற்றதை அதன் மேல் செங்குத்தாக நிறுத்தி, ஒரே பக்கத்தில் மட்டும் பற்ற வையுங்கள். ஆறியதும் வைஸில் மாட்டி, ஒட்டு இருக்கும் பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள்.

ஒட்டு உடையாமல் இரும்பு மட்டும் வளைந்தால் உங்கள் அமைப்பு சரி. ஒட்டு உடைந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். துளைகள் தெரிந்தால் அழுக்கு அல்லது ஈரம். கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் கசடு. இரும்பின் முகம் உருகாமல் பளிச்சென்று இருந்தால் மின்னோட்டம் குறைவு. காரணத்தைத் திருத்தி இன்னொரு துண்டை ஒடித்துப் பாருங்கள். பிறகு கேட்டைத் தொடுங்கள்.

சோதனையில் தேறினாலும் சில வேலைகள் வீட்டில் கூடாது. மோட்டார் சைக்கிள் சட்டம், கார் சேஸிஸ், எரிவாயுக் கொள்கலன், மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியின் தாங்கி ஆகியவை உயிரோடு விளையாடும் வேலைகள். எண்ணெயோ ரசாயனமோ இருந்த பழைய பீப்பாயில் தீப்பொறி பட்டால் வெடிக்கும். கழுவிவிட்டோம் என்பது காப்பாற்றாது.

உடலைக் காப்பது

ஒட்டின் குறையை அராவித் திருத்தலாம். உடலின் குறையை அப்படித் திருத்த முடியாது. முகமூடி இல்லாமல் ஒரு நிமிடம் பார்த்தாலும் நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். கைவைத்தியத்தைக் கண்ணில் விடாமல் கிளினிக்குச் செல்லுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் அப்புறப்படுத்துங்கள்.

ஜி.ஐ. குழாயின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அதை அராவாமல் பற்ற வைத்தால் வெள்ளைப் புகை எழும். அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று நம் மக்களிடையே பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. புகை போவது நுரையீரலுக்கு. பால் போவது வயிற்றுக்கு. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ஆம் ஆண்டில் முதல் வகையில் சேர்த்தது. திறந்த வெளியில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று, தகுந்த முகக் கவசம் அணிந்து வேலை செய்வது கட்டாயம். மழை பெய்த ஈரத் தரையில், வியர்வையில் நனைந்த கையுறையோடு குச்சியை மாற்றுவதும் ஆபத்து. மின்சாரம் அங்கே காத்திருக்கிறது.

கைத்தொழிலுக்கு ஒரு காகிதம்

பல ஆண்டுகளாகப் பட்டறையில் உழைத்தும், சான்றிதழ் இல்லாததால் குறைந்த சம்பளத்திலேயே தங்கிவிட்ட நம்மவர்கள் பலர் இருக்கின்றனர். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு மட்டும்தான் இது என்று எண்ண வேண்டாம். வேலை அனுபவத்தையே சான்றாகத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறி, சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. தோட்டத்து ஆலையிலும் கிரில் கடையிலும் கற்ற கைக்கு இது கிடைக்க வேண்டிய மரியாதை.

இந்தத் தீபாவளிக்குக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். அதற்கு முன்பே கம்பி பிரஷ்ஷால் ஒவ்வோர் ஒட்டையும் தேய்த்து, துளை, கறுப்புக் கோடு, பள்ளம், விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கீலைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அராவி எடுத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். அரை நாள் வேலைதான். பண்டிகையன்று அந்தக் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வரப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள்.